எக்ஸ்ரே அக்காவும் நாலு டயரும்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அதை அவள் புருஷனே காய்ச்சலில் முனகும்போதுதான் சொல்வார். தெருவுக்கு அவள் எக்ஸ்ரே அக்கா. தராசுத் தட்டைத் தூக்கி, அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெங்காயம் வாங்குவாள். பால் பாக்கெட்டை உலுக்கிக் காதில் வைத்துக் கேட்பாள். என்ன கேட்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கடைக்காரர் கேட்காமலே வேறு பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். யாராவது வலிய வந்து ஒரு நல்லது செய்துவிட்டால் போதும், "எலி ஏன் அம்மணமா ஓடுது?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பார்க்கிற தொழில் அப்படி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்தமாக ஒரே ஒரு வண்டி, அதற்கு ஒரு போர்டு, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். கற்க வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள். அவள் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாகப் பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, அடுத்தவர் கால் எந்த நொடியில் தப்பு செய்யும் என்று காத்திருப்பாள். "பிரேக் போடறேன் மேடம்" என்பார்கள், கால் ஆக்சிலேட்டருக்குப் போகும். "கண்ணாடி பாத்தேன் மேடம்" என்பார்கள், பார்த்தது தலைமுடியை. வாய் சொல்வதை நம்பாதே, காலைப் பார் என்பது அவள் வேதம். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவள் கால் அந்தப் பிரேக்கிலிருந்து இறங்கவில்லை. கோளாறு அங்கேதான்.

வீடு இரண்டு அடுக்கு. கீழே அவளும் புருஷனும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர், சாதுவான மனுஷர். நாள் முழுக்க அடுத்தவருக்கு எழுத்துத் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகியவர். மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாகப் படிக்கட்டு ஒன்று, அதன் காலடியில் கார் ஷெட் ஒன்று, குடும்பத்துக்கு ஒன்றாக ஷெட்டுக்கு இரண்டு சாவி.

அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தன் அரை டிராயர் போட்ட பள்ளிக்கூடத்துப் பையன். காலையில் அவனுக்குத் தலை சீவிவிட்டது அவள். கணக்கில் முட்டை வாங்கிய தாளை அண்ணன் கண்ணில் படாமல் பரணில் ஒளித்தது அவள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோது முதல் மாணவனாக அவனைத்தான் உட்கார வைத்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை எடுத்தவர்களை அவள் இரண்டாம் முறை வீட்டுக்குள் விட்டதும் இல்லை. காலியாக இருந்த அந்த இடத்தில் இவன் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டான். இந்த உலகத்தில் அவள் உலுக்கிப் பார்க்காமல் நம்பிய ஒரே பாக்கெட் அவன்தான்.

அந்த நம்பிக்கைக்குத்தான் இந்தக் குளிர்காலத்தில் ஓட்டை விழுந்தது.

கொழுந்தன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். குளிர் வந்தால் அவன் பிழைப்புக்குப் பூட்டு விழுந்துவிடும். வெளியே போனாலே விறைக்கிறபோது எவன் ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலைப்படுவான்? பழைய ஃபிரிட்ஜ்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து வைத்தால் வெயில் காலத்தில் விற்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை.

"அண்ணி, ஷெட்டுல பாதி இடம் குடுத்தீங்கன்னா நாலஞ்சு வச்சுக்குவேன். உங்க வண்டிக்கு இடிக்காம பாத்துக்கறேன்" என்றான்.

"பாக்கலாம்" என்றாள். அவள் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனான். போகிறவன் ஏன் சிரித்தான் என்று அவள் அன்றைக்கே யோசித்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புருஷன் அவளுக்கு டயரில் காற்றழுத்தம் பார்க்கிற ஏர் கேஜ் ஒன்று வாங்கிக்கொடுத்தார். பித்தளையில், உள்ளங்கைக்கு அடக்கமான வட்ட முகம். "பஞ்சர் கடைக்காரன் பொய் சொல்றான்னு தினம் பொலம்பறியே, நீயே பாத்துக்கோ" என்றார் பாவம். வீட்டில் கொஞ்சம் அமைதி கிடைக்கும் என்று நினைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

அவள் வண்டிக்கு டயரில் முப்பத்திரண்டு பவுண்டு காற்று இருக்க வேண்டும். கேஜ் வந்த மறுநாள் காலை, மூச்சு விட்டால் புகை வருகிற குளிரில், சால்வையைப் போர்த்துக்கொண்டு குனிந்து வைத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு. அடுத்த சக்கரம் இருபத்தெட்டு. பின்னால் இருந்த இரண்டும் அதே. ஒரு டயர் என்றால் ஆணி. நாலும் ஒரே அளவில் இறங்கினால் ஆள்!

போகிற வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி முப்பத்திரண்டுக்கு ஏற்றிக்கொண்டாள். நாளெல்லாம் வகுப்பு எடுத்து, மாலை ஷெட்டில் விட்டதும் சந்தேகம் அரிக்க மறுபடி பார்த்தாள். முப்பத்தாறு காட்டியது.

"அளவு தெரியாம அள்ளி விட்டிருக்கான் பங்க்காரன். வெடிச்சா அவன் வந்து அழுவானா?" என்று கறுவிக்கொண்டு, வால்வை அழுத்தி உஸ் உஸ் என்று காற்றை இறக்கி, முள் முப்பத்திரண்டில் நின்ற பிறகுதான் கை கழுவினாள். மறுநாள் காலை பார்த்தால் பழையபடி இருபத்தெட்டு.

இப்படியே தினமும் நடந்தது. மாலையில் கூடியதற்கு ஒரு அயோக்கியன், காலையில் குறைந்ததற்கு ஒரு திருடன் என்று ஆளுக்கொரு குற்றம் பிரித்துக்கொடுத்தாளே தவிர, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்தவர் முதுகைப் பார்ப்பதிலேயே பொழுது போகிறவர்களுக்குத் தன் முதுகு எங்கே தெரியப்போகிறது?

"குளிர்ல எல்லாம் சுருங்கும்டி. என் காதே சுருங்கிப்போச்சு" என்றார் புருஷன், மப்ளரை இறுக்கிக்கொண்டு.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. ஷெட்டுப் பூட்டு உடையல. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல இருக்கு."

மற்றொன்று எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

சொல்லாத பேச்சுத்தான் மனசுக்குள் வேகமாக முளைக்கும். அவனுக்கு ஷெட் வேண்டும். இங்கே வண்டிக்குத் தொல்லை வந்தால் அவள் அதை வேறு எங்காவது நிறுத்துவாள். அப்புறம், வால்வு என்றால் என்ன, காற்றை எப்படிச் சத்தமில்லாமல் இறக்குவது என்று இந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? ஃபிரிட்ஜுக்குள் கேஸ் ஏற்றி இறக்குகிறவனுக்கு டயர் ஒரு பொருட்டா? வேலையும் இல்லை, பொழுதும் போகவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா? தலை சீவிவிட்ட பிள்ளையாயிற்றே, இவனைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று ஒரு பக்கம் மனசு குத்தியது. குத்தினாலும் நினைப்பு நிற்கவில்லை.

ஒரு மாலை அவள் ஷெட்டில் குனிந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் படியிறங்கி வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"அண்ணி, சாயங்காலம் பாக்காதீங்க. வண்டி ஓடி வந்தவுடனே பாக்கக் கூடாது" என்றான்.

"ஏன்? பாத்தா என்ன?"

"இல்ல, சரியா காட்டாது. காலைல பாருங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் பார்க்கக் கூடாதாம்! மாலைக்கு எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால், ராத்திரியில் எவ்வளவு போனது என்று எப்படித் தெரியும்? கணக்குப் பாடத்தில் முட்டை வாங்கியவன் இதில் மட்டும் எவ்வளவு தெளிவாக இருக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"என் வண்டி, என் கேஜ். நான் எப்ப வேணா பாப்பேன்" என்றாள்.

அவன் வெளியே போனான். அன்றிலிருந்து அவள் ஜாடை பேச ஆரம்பித்தாள். மாடியில் துணி காயப்போட வந்த ஓரகத்தி காதில் விழுகிற மாதிரி, தண்ணீர்க் குழாயைப் பார்த்து, "கூடவே இருந்து குழி பறிக்க ஆள் இருக்கறப்போ எதிரி எதுக்கு வெளியில?" என்பாள். குழாய்க்கு என்ன தெரியும்? ஓரகத்திக்குத் தெரிந்தது. துணியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் கற்க வருகிற தையல்காரம்மாவுக்கு லைசென்ஸ் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டி வண்டி ஓட்டக் கற்கிற அந்த அம்மாவை வைத்துக்கொண்டு காற்றுக் குறைந்த டயரோடு ஈரச் சாலையில் போவது விளையாட்டில்லை. "யாருக்காவது ஒண்ணு ஆனா என் பேருதான் கெடும்" என்று அவள் உண்மையாகவே பயந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

அன்று மாலை, வழக்கம்போல முப்பத்திரண்டுக்கு இறக்கி வைத்துவிட்டு, முகத்துக்குப் பூசுகிற பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள். நாலு டயரைச் சுற்றியும் சிமெண்டுத் தரையில் மெல்லிசாகத் தூவினாள். டப்பா பாதி காலி. ஷெட் முழுக்க மல்லிகை வாசனை. கதவைப் பூட்டிவிட்டு வந்து படுத்தாள், ஆனால் தூக்கம் வரவில்லை. யாரும் வரக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள், வந்து மாட்ட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். எந்த வேண்டுதலைச் சாமி எடுத்துக்கொள்ளும்?

விடிந்ததும் போய்க் கதவைத் திறந்தாள். பவுடரில் செருப்புத் தடம். முன் டயர், பின் டயர், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் நாலையும் சுற்றி வந்திருந்தது. ஷெட்டை விட்டு வெளியேறி, படிக்கட்டில் வெள்ளை வெள்ளையாக ஏறி, மாடி வாசலில் கொழுந்தன் கழற்றிப் போட்டிருந்த செருப்பில் போய் நின்றது.

படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தினம் காலையில் செய்கிற முதல் வேலையை அன்றைக்கு மட்டும் மறந்தாள். கேஜ் கைப்பையிலேயே கிடந்தது.

"தம்பி! கீழ வா!"

அவள் கத்திய கத்தலில் அவள் புருஷன் பல் துலக்குகிற பிரஷோடு வந்தார். கொழுந்தனும் ஓரகத்தியும் இறங்கி வந்தார்கள்.

"ஷெட்டுக்குள்ள வந்தியா?"

"வந்தேன் அண்ணி."

"என் வண்டில கை வச்சியா?"

"வச்சேன்."

"உனக்கு நான் என்னடா கொறை வச்சேன்? இடம் வேணும்னா சண்டை போட்டுக் கேட்டிருக்கலாமே. நான் பொழைக்கிற பொழப்புல கை வைப்பியா? அந்த அம்மாவை வச்சுக்கிட்டு நான் எங்கயாவது போய் மோதிச் செத்திருந்தா ஷெட்டு முழுசும் உனக்குத்தானே!"

புருஷன் "ஏய்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. ஓரகத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொழுந்தன் அவளைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த வெள்ளையைப் பார்த்தான், படியைப் பார்த்தான், தன் செருப்பைப் புரட்டிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"எனக்காகவா அண்ணி பவுடர் தூவி வச்சீங்க?"

"ஆமா. உனக்காகத்தான்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்துப் படியில் வைத்தான். எறியவில்லை, சத்தம் வராமல் வைத்தான். ஏறிப் போய்விட்டான். ஓரகத்தி மட்டும் நின்று, "நாங்க வேற வீடு பாத்துக்கறோம்க்கா" என்றாள்.

எக்ஸ்ரே அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருந்த ஆத்திரத்தில் பங்க்கில் நிறுத்தவும் இல்லை. தையல்காரம்மா ஓட்ட, இவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மைதானத்து ஓரம் வண்டியை நிறுத்தியதும், அந்த அம்மா பரீட்சையின் வாய்மொழிக் கேள்விகளைத் தானே கேட்டுத் தானே ஒப்பிக்க ஆரம்பித்தார். எல்லாம் இவள் உருப்போட வைத்த பாடம்.

"டயரில் காற்றழுத்தத்தை எப்போது சோதிக்க வேண்டும்? வண்டியை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். ஏன்? ஓடிய டயர் சூடாகி, அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால்." மூச்சு வாங்கிக்கொண்டு, "சரிதானே மேடம்?" என்றார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"தப்பா மேடம்?"

"தப்பில்ல. சொல்லுங்க."

அந்த அம்மா பயந்துகொண்டே மறுபடி சொன்னார். எத்தனை பேருக்கு இந்த வரியைச் சொல்லிக்கொடுத்திருப்பாள்! யாராவது விளக்கம் கேட்டால், "பரீட்சைக்கு அது போதும், உருப்போடுங்க" என்று அதட்டியிருப்பாள். ஊருக்குத்தான் உபதேசம். ஓடிய டயர் கூட்டிக் காட்டும். கூட்டிக் காட்டியதை நம்பி அவள் தினமும் மாலையில் காற்றை இறக்கினாள். ராத்திரிக் குளிரில் டயர் ஆறினால் காலையில் குறையாமல் என்ன செய்யும்? பங்க்காரன் அள்ளி விடவில்லை. திருடனும் வரவில்லை. உஸ் உஸ் என்று நாலு வால்வையும் அழுத்திய கை அவள் கைதான்.

அப்படியானால் அவன் எதற்கு வந்தான்?

வண்டியை விட்டு இறங்கினாள். கைப்பையைத் துழாவி கேஜை எடுத்து முன் டயரில் வைத்தாள். முப்பத்தாறு. நேற்று மாலை முப்பத்திரண்டுக்கு இறக்கியது அவள். காலையில் இருபத்தெட்டாகியிருக்க வேண்டும். பங்க்கில் ஏற்றவில்லை. இவ்வளவு தூரம் ஓடிச் சூடானாலும் முப்பத்திரண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. அடுத்த டயரையும் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். நாலும் முப்பத்தாறு. விடியற்காலைக் குளிரில் யாரோ குந்தி உட்கார்ந்து, கால் பம்ப்பை மிதித்து மிதித்து, நாலு டயருக்கும் அளவாகக் காற்று ஏற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! தடம்தான் வெள்ளை வெள்ளையாகச் சொன்னதே.

பழக்கதோஷத்தில் கட்டை விரல் வால்வுக்குப் போனது. நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள். டயர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தையல்காரம்மா இறங்கி வந்து, "நான் கிளட்ச்சை சரியா விடலையா மேடம்?" என்று கேட்டார்.

வகுப்பைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தாள். மாடிக்கு அவள் ஏறி வெகு காலம் ஆகியிருந்தது. முட்டி வலி. ஒவ்வொரு படியிலும் பவுடர் தடத்தின் மேலேயே கால் வைத்து ஏறினாள். உள்ளே கொழுந்தன் அட்டைப் பெட்டியில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மூலையில் கால் பம்ப் சாய்ந்திருந்தது.

"தம்பி. நீ காத்து எறக்கல. ஏத்தியிருக்க."

"ம்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சாயங்காலம் பாக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க கேக்கல. சரி, காலைல நானே ஏத்தி வச்சுட்டா முட்டி வலியோட நீங்க குனிய வேண்டாம்னு நெனச்சேன்."

"நான் பாவி. என்னை மன்னிச்சிரு. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எப்படித் தெரிஞ்சுது அண்ணி?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் கையிலேயே இருந்தது. பித்தளைக் கேஜை இன்னும் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான்.

"அதைப் பாத்துட்டுத்தான வந்து சொல்றீங்க" என்றான். "நான் எறக்கினேன்னு நெனச்சதும் அதைப் பாத்துத்தான். நான் எறக்கலன்னு சொல்றதும் அதைப் பாத்துத்தான். நடுவுல நான் எங்க அண்ணி இருந்தேன்?"

அவள் வந்த வழியே இறங்கினாள். பிரேக்கின் மேல் எப்போதும் தயாராக இருந்த அந்தக் கால் படியில் தடுமாறியது.

அடுத்து வந்த நாட்களில் மாடியில் பேச்சுச் சத்தம் இல்லை, பெட்டி இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. அவள் ஷெட்டைக் கழுவினாள். ஓட்டை வாளி, உடைந்த நாற்காலி, எந்தக் காலத்திலோ போட்டுவைத்த பழைய டயர் எல்லாவற்றையும் வெளியே தள்ளி, சரிபாதியை ஒழித்துக் கொடுத்தாள். வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாள். கதவைத் திறந்தால் இடித்தது. இடிக்கட்டும் என்று ஒருக்களித்து இறங்கிக்கொண்டாள். படியில் கிடந்த சாவியைத் துடைத்து மாடிக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். அது அப்படியே தொங்கியது. காலையில் வெளியே வரும்போது அண்ணாந்து பார்ப்பாள், தொங்கும். மாலையில் பார்ப்பாள், தொங்கும். புருஷன்கூட ஒருநாள், "எடுத்துக்குவான், விடு" என்றார். அவர் குரலிலும் நிச்சயம் இல்லை.

பிறகு ஒரு காலை அண்ணாந்து பார்த்தபோது கதவுப் பிடி வெறுமையாக இருந்தது. ஓடிப் போய் ஷெட்டைத் திறந்தாள். ஒழித்துக் கொடுத்த பாதியில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் துரு, கதவில் யாரோ குழந்தை ஒட்டிய மீன் படம்.

நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனாலும் பழக்கம் லேசில் விடுமா? எப்போது கொண்டுவந்தான்? ஏன் சொல்லவில்லை? உள்ளே என்ன வைத்திருப்பான்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது? கை தானாக ஃபிரிட்ஜ் கதவின் பிடி வரைக்கும் போய்விட்டது. அங்கே நின்றது. அந்தக் கையாலேயே ஃபிரிட்ஜின் தலையில் படிந்திருந்த தூசியைத் தட்டினாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தன் பாதிப் படியில் நின்றான். முகம் இன்னும் பழையபடி ஆகவில்லை.

"டயர் பாத்துட்டீங்களா அண்ணி?"

கேஜ் கைப்பையில்தான் இருந்தது. அவள் கைப்பையைத் தொடவில்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ஒருக்களித்து உள்ளே நுழைந்து வண்டியைக் கிளப்பினாள்.